கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தவன்

பிலிப்ராஜ் மெட்ராஸிலிருந்து அந்த மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்து சேர்ந்தபோது, அவன் மனைவி அன்னமேரி கேட்ட முதல் கேள்வி, "இத்த யாரு உங்களுக்குச் சும்மா குடுத்தாங்க?" என்பதுதான்.

"மொதலாளி ஸ்டாலை மூடிட்டாரு. இத்த ரிப்பேரு பண்ணத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். நீயே எடுத்துகினு போடான்னாரு."

"அவ்ளோ நல்லவரா அவரு?"

பிலிப் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். காய்காரன் ஒரு கத்தரிக்காய் கூடுதலாகப் போட்டால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் புழு தேடுகிறவள் அவள். கல்யாணம் ஆன புதிதில் அவனுக்கு அது சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஜமுனாமரத்தூரில் பஸ் வந்து திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய டீக்கடை. இருவருமே அடிவாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தவர்கள். பிலிப் வருஷத்தில் பாதி நாள் மெட்ராஸ் பொருட்காட்சிகளில் எலெக்ட்ரீசியன் வேலைக்குப் போய்விடுவான். கடையை நடத்துவது அன்னமேரி. கடை நின்ற இடம் பஞ்சாட்சரத்துக்குச் சொந்தம். அவர் சந்தவாசல்காரர். மலையில் விளையும் புளியை எல்லாம் வாங்கி லாரியில் கீழே இறக்குகிறவர். "இருந்துட்டுப் போங்க" என்று வாயால் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் கடையும் அடுப்பும் நின்றன. அவர் கடைக்கு வந்தால் அன்னமேரி தானே டம்ளரைக் கழுவி டீ ஊற்றுவாள்.

மிஷின் ஒரு கட்டில் நீளம் இருந்தது. சாய்வான மேசை போன்ற பெட்டி, அதன் மேல் கண்ணாடி மூடி. ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் ஓர் இரும்புக் குண்டு மேலே ஓடும். பிறகு அது மணிகளிலும் கம்பங்களிலும் மோதி, விளக்குகளை எரிய வைத்துக்கொண்டு கீழே உருளும். பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தினால் இரண்டு சின்ன மட்டைகள் துள்ளி அதை மறுபடி மேலே அடிக்கும். தலைமாட்டில் நட்டுவைத்த இன்னொரு பெட்டியில் ஒரு படக்கண்ணாடி. உள்ளே பல்பு எரிந்தால் படம் பளிச்சென்று தெரியும்.

"இது அமெரிக்காவுல படக்கதைப் புஸ்தகத்துல வர்ற ஆளுங்க" என்று பிலிப் விளக்கினான். "இவன் நல்லவன். அவன் கெட்டவன். குண்டு கெட்டவன் மேல பட்டா நமக்கு மார்க்கு."

நல்லவன் நீல உடுப்புப் போட்டு, முகமூடி மாட்டி, மஞ்சள் சால்வை முதுகில் பறக்க ஆகாயத்தில் வந்துகொண்டிருந்தான். கெட்டவன் பச்சை முகத்தோடு ஓர் உயரமான மாடிக் கட்டடத்தின் விளிம்பில் நின்றான். அவனுக்குக் கீழே வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவன் கைகளை விரித்துக்கொண்டு தலைகீழாக விழுந்துகொண்டிருந்தான். பறக்கிறவன் வந்து பிடிப்பானா மாட்டானா என்பது படத்தில் தெரியவில்லை.

கெட்டவனுக்கு மட்டும் முகம் இல்லை. அமிர்தி வழியாக வந்த காட்டு ரோட்டின் குழிகளில் லாரி குதித்ததில், கண்ணாடியில் அந்த இடத்துப் பெயிண்ட் மட்டும் உரிந்து பொருக்காக உதிர்ந்துவிட்டது. அந்தத் தூளை ஈரத்துணியால் துடைத்து எடுத்தது அன்னமேரிதான். மற்ற உருவங்களில் ஒரு கீறல்கூட இல்லை.

பிலிப் கண்ணாடியைக் கழற்றிக் கோணிப்பையில் சுற்றி ஒடுகத்தூருக்கு எடுத்துப் போனான். அங்கே சின்னராசு என்று ஒரு பெயிண்டர். கடை போர்டு, பஸ்ஸில் பெயர், கண்ணாடியில் சாமி படம் எல்லாம் எழுதுவான். அடுத்த வாரம் புது முகத்தோடு கண்ணாடி திரும்பி வந்தது.

முதல் சில நாள் ஒருவரும் மிஷினுக்குப் பக்கத்தில் வரவில்லை. சந்தைக்கு வந்த மலைக்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். சர்க்கார் மிஷினா என்று ஒருவர் கேட்டார். இதில் கை வைத்தால் பேர் பதிந்துகொள்ளுமா என்றார் இன்னொருவர். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் பேர் எழுதி ஆள் பிடிக்கக் கேம்ப் வேன் மலைக்கு வந்த காலம் அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. பிலிப் தானே ஆடிக் காட்டினான். குண்டு மணியில் மோதிச் சத்தம் எழுப்பியதும் இரண்டு பேர் பின்வாங்கினார்கள்.

கடைசியில் முன்னே வந்தவர் வேடியப்பன். பக்கத்து ஊரின் தலைவர், ஊர்க் கவுண்டர், அறுபது வயதுக்காரர். அவர் குனிந்து படத்தை உற்றுப் பார்த்தார். பச்சை முகம், மேலே முறுக்கிய மீசை, இடது புருவத்தை இரண்டாக வெட்டிய ஒரு தழும்பு.

"இது நம்ம பஞ்சாட்சரம் மொதலாளி இல்ல?" என்றார்.

கூட்டம் நெருங்கி வந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதன்பிறகு மிஷினுக்கு ஓய்வே இல்லை. புளி எடையில் அவரிடம் கை கட்டி நின்றவர்கள் எல்லாம் நாலணாவைப் போட்டுவிட்டு, பச்சை மூஞ்சி மேல் குண்டு படும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்கள். சத்தமாக யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவன் ஆடும்போது மற்றவர்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. வேடியப்பன் ஊரைச் சேர்ந்த பெரியம்மாள் அவள். வாரத்தில் ஒரு நாள் தேனும் சாமையும் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போவாள். அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அவள் கதை கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். அவள் புருஷன் மாதையன் பஞ்சாட்சரத்தின் லாரியில் மூட்டை ஏற்றுகிறவனாக இருந்தான். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு நாள் லாரியோடு போனவன் திரும்பவில்லை. லாரியில் இருந்த எதையோ திருடிக்கொண்டு ஓடிவிட்டான் என்றார்கள். கோலார் பக்கம் ஒருத்தியோடு இருக்கிறான், பார்த்தோம் என்று பிறகு இரண்டொருவர் வந்து சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் கள்ளன் பொண்டாட்டி ஆகிவிட்டாள். கடைக்கு வந்தால் பெஞ்சில் யாரும் அவளுக்கு இடம் விடுவதில்லை, நின்றபடியே டீ குடித்துவிட்டுப் போவாள்.

அன்னமேரிக்குத் தூக்கம் போயிற்று. அந்த முகம் தானாக வந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"நீங்கதான சொல்லி வரையச் சொன்னீங்க?"

"நான் இன்னாத்துக்குச் சொல்றேன்?" என்றான் பிலிப். ஆனால் சொல்லும்போது அவன் வாயோரம் ஒரு சிரிப்பு இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு அவளை விடவில்லை. பஞ்சாட்சரத்தோடு இவனுக்குத் தனக்குத் தெரியாத பகை ஏதாவது இருக்கிறதா? இத்தனை மலையூர் இருக்கும்போது இந்த இடத்தில்தான் கடை போட வேண்டும் என்று ஏன் பிடிவாதம் பிடித்தான்? மெட்ராஸ் என்று சொல்லிப் போகிற நாட்களில் மெட்ராஸுக்குத்தான் போகிறானா? ஒரு நூலை இழுத்தால் புடவையே கையோடு வருவது போல ஒவ்வொன்றாக வந்தது. அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மலையிறங்கி, பஸ் மாறி, அவள் நேராக ஒடுகத்தூரில் சின்னராசுவின் கொட்டகைக்குப் போய் நின்றாள்.

சின்னராசு ஒல்லியான மனிதன். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த பிரஷ்ஷை டப்பாவுக்குள் போட்டுவிட்டான்.

"அய்யோ. பாத்துட்டாங்களா?"

"ஊரே பாத்துச்சி. யாரு வரையச் சொன்னது உன்ன?"

"யாரும் சொல்லலம்மா. உங்க வூட்டுக்காரரு, ஒரு வில்லன் மூஞ்சியா எழுதிக் குடு, அவ்ளோதான் சொன்னாரு. எனக்கு எந்த வில்லனத் தெரியும்? அப்பத்தான் பஞ்சாட்சரம் மொதலாளி படத்த அவரு புதுப் புளிக் கெடங்குக்கு ஆளு ஒசரத்துக்கு வரஞ்சி முடிச்சிருந்தேன். பத்து நாளு அந்த மூஞ்சிதான். கண்ணாடில பின்பக்கமா எழுதணும், மீசை மொதல்ல, மூஞ்சி கடைசில. கை அதும்பாட்டுக்குப் போயிடுச்சி. முடிச்சிட்டுத் திருப்பிப் பாக்கும்போதுதான் எனக்கே தெரிஞ்சிச்சி."

"அப்ப ஏன் குடுத்த?"

"உங்க வூட்டுக்காரரு வந்து பாத்தாரு. பாத்துட்டு வயித்தப் புடிச்சிகினு சிரிச்சாரு. இருக்கட்டும் வுடு, மலையில யாரு உத்துப் பாக்கப் போறாங்கன்னாரு. நான் வந்து அழிச்சிட்டு வேற எழுதறேம்மா. அடுத்த வாரம் வர்றேன். அவருகிட்ட மட்டும் என் பேரச் சொல்லாதீங்க."

அவன் கண்ணில் இருந்த பயம் உண்மையானது. அன்னமேரி பஸ்ஸில் திரும்பும்போது மனசு பாதி இறங்கியிருந்தது. பிலிப் சதி எதுவும் செய்யவில்லை. விளையாட்டுப் புத்திதான். ஒடுகத்தூர் போய் வந்ததை அவள் அவனிடம் சொல்லவில்லை.

சின்னராசு வருவதற்குள் பஞ்சாட்சரம் வந்துவிட்டார்.

மத்தியானம். பஸ் போய்விட்டதால் கடையில் கூட்டம் இல்லை. மிஷினில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஜீப்பைக் கண்டதும் பின்பக்கமாகப் போய்விட்டார்கள். குண்டு தானாக உருண்டு ஓட்டைக்குள் விழுந்தது.

"என் மூஞ்சிய வச்சி வியாபாரம் நடக்குதாமே" என்றார் பஞ்சாட்சரம். குரலில் கோபம் இருந்தது.

பிலிப் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டான். "தெரியாம நடந்துபோச்சிங்க மொதலாளி. பெயிண்ட்டு உதுந்துடுச்சி. அடுத்த வாரம் அழிச்சி மாத்திடறேங்க."

அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். திட்டப் போகிறார், கண்ணாடியை உடைக்கப் போகிறார் என்று அன்னமேரி அடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் தன் முகத்தைப் பார்த்தாரா என்றே தெரியவில்லை. அவருடைய பார்வை கீழே இறங்கி நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"இவன யாரு வரஞ்சது?"

"எவனங்க?"

"வெள்ள வேட்டிக்காரன. உழுறானே, இவன."

"அது மொதல்லேர்ந்தே இருக்குதுங்க" என்றான் பிலிப். "அமெரிக்காவுலேர்ந்து வரும்போதே."

"பொய் சொல்லாத. அமெரிக்காவுல எவன்டா வேட்டி கட்றான்?"

"அது வேட்டி இல்லீங்க. பேண்ட்டு."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "பாலத்து மேலேர்ந்து உழுற மாதிரி வரஞ்சிருக்குது. யாரு வந்து சொன்னா உங்களுக்கு?"

அன்னமேரி மெதுவாகச் சொன்னாள். "பாலம் இல்லீங்க மொதலாளி. மாடி வூடு அது. ஜன்னல் எல்லாம் இருக்குது பாருங்க."

பஞ்சாட்சரம் அவளைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மலையில் அன்று வெயிலே இல்லை.

"இங்க பெரியம்மா வர்றாளா?"

"எந்தப் பெரியம்மாங்க?" என்றாள், தெரிந்தே.

"சும்மா கேட்டேன்." அவர் ஜீப்புக்குப் போகத் திரும்பினார். "நாளைக்குக் காலையில கோயிந்தன் லாரி எடுத்துகினு வருவான். மிஷின ஏத்தி வுடு பிலிப்பு. நானே வச்சிக்கறேன். மெட்ராஸ்ல வேற வாங்கிக்கோ, நான் பாத்துக்கறேன்."

டீ ஊற்றி வைத்திருந்தாள். அவர் தொடவில்லை.

ஜீப் மறைந்ததும் பிலிப் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு விட்டான். "நல்ல வேளை. அத்தோட போச்சி. குடுத்துடலாம்."

"அவரு மூஞ்சியப் பத்திப் பேசவே இல்ல, பாத்தீங்களா?"

"அதுக்கு?"

"ஊரே அவரப் பாத்துச் சிரிக்குது. அவரு அந்த உழுற ஆளப் பாக்கறாரு. பாலம்ங்கறாரு. படத்துல பாலம் இல்ல. அப்பறம் பெரியம்மாக்கா பேரு எங்கேர்ந்து வந்திச்சி?"

"சந்தேகத்துக்கும் ஒரு அளவு இருக்குது அன்னமேரி. இந்த எடம் அவருது. நாளைக்கே அடுப்ப அணைச்சிட்டுப் போன்னா எங்க போறது?"

"நீங்க அந்த மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிட்டுக் கொண்டாந்தீங்களே, அப்ப அந்த எடம் யாருது?"

இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. எழுந்து போய் மிஷினின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். அவள் அடுப்படியில் நின்று, பெரியம்மாளிடம் போய்ச் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா என்று யோசித்தாள். வாழ்க்கை முழுக்க அவளுடைய சந்தேகங்கள் பெரும்பாலும் பொய்யாகத்தான் போயிருக்கின்றன. அது அவளுக்கே தெரியும். இதுவும் பொய்யாகப் போனால் ஒரு கடையோடு நஷ்டம். உண்மையாக இருந்தால்?

மறுநாள் விடிந்ததும் வேடியப்பன் ஊருக்கு நடந்தாள். பெரியம்மாள் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். அன்னமேரி நடந்ததை நடந்தபடி சொன்னாள். தன் யோசனை எதையும் சேர்க்கவில்லை.

பெரியம்மாள் கேட்டுக்கொண்டே புல்லை உதறிப் போட்டாள். முடிந்ததும், "அவருதான அனுப்புனாரு உன்ன?" என்றாள்.

"இல்லக்கா."

"எனக்கு இன்னா தெரியும்னு பாத்துகினு வரச் சொன்னாரா? இதுக்கு முன்னியும் ஆளுங்க வந்தாங்க. கோலார்ல பாத்தேன், பெங்களூர்ல பாத்தேன்னு. வந்தவங்க எல்லாம் அவருகிட்ட வேலை செய்யறவங்க. நீயும் அவரு எடத்துலதான கடை வச்சிகினு இருக்கற?"

"ஆமா. இத்த சொன்னதுக்கு அந்த எடம் போவும்."

"அப்பறம் ஏன் வந்த?"

"படத்துல பாலம் இல்லக்கா" என்று மட்டும் சொன்னாள் அன்னமேரி. "நான் துடச்சி வச்ச படம். இல்லாத பாலம் அவரு கண்ணுக்குத் தெரிஞ்சிச்சி."

பெரியம்மாள் கையிலிருந்த புல் கீழே விழுந்தது. அமிர்தி ரோட்டில் நரிப்பள்ளத்துக்கு மேல் ஒரு பழைய கல்பாலம் உண்டு. லாரிகள் அதைத் தாண்டித்தான் கீழே போக வேண்டும். அவள் நேராகப் போய் வேடியப்பன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அவர்கள் ஜமுனாமரத்தூர் வந்து சேரும்போது லாரி வந்து நின்றிருந்தது. ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடவே வந்திருந்தார்கள். பிலிப் மிஷினைச் சுவரோரத்திலிருந்து நகர்த்திக்கொண்டிருந்தான். மனைவியோடு வருகிற கூட்டத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. ஆனால் அவளை ஒன்றும் கேட்காமல், கையில் தூக்கியிருந்த மிஷினின் முனையை மெதுவாகத் தரையில் விட்டான்.

டிரைவர் கோவிந்தன் படத்துக்கு முன்னால் நின்றான். அவன் அதை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறான். பஞ்சாட்சரத்தின் லாரியை எட்டு ஒன்பது வருஷமாக ஓட்டுகிறவன். வரும்போது அவன் கொண்டுவந்த கயிறு கையிலேயே இருந்தது.

வேடியப்பன் ஏதோ கேட்க வாயெடுத்தார். பெரியம்மாள் அவரைத் தாண்டி முன்னால் போனாள். அவள் கத்தவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள்.

"கோயிந்தா. நரிப்பள்ளத்துப் பாலத்துல எங்க வூட்டுக்காரரு எந்தப் பக்கம் உழுந்தாரு?"

"எடது பக்கம்தான்க்கா, அங்க செவுரு இல்ல" என்றான் கோவிந்தன். சொன்னபிறகுதான் அவனுக்கே கேட்டது.

கோவிந்தன் பின்னால் நகர்ந்து லாரியின் படியில் உட்கார்ந்தான். கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். யாரும் அவனை ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்று புளி மூட்டைக்கு அடியில் சந்தனக் கட்டை இருந்தது. பஞ்சாட்சரம் முன்னால் அவனோடு உட்கார்ந்திருந்தார். மாதையன் மூட்டை மேல். பொழுது சாய்கிற நேரம். பாலத்தில் சக்கரம் குழியில் இறங்கி லாரி குதித்தது. மேலே இருந்தவன் இல்லை. வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். பள்ளத்தில் பாறை மேல் கிடந்தான். வெள்ளை வேட்டி தெரிந்தது.

"உசுரு இருந்திச்சி" என்றான் கோவிந்தன். "கோயிந்தான்னு கூப்புட்டான். நான் எறங்கப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போனா வண்டியில இன்னான்னு கேப்பாங்க, சரக்க எறக்கிட்டு வந்து தூக்கிக்கலாம், ஏறுன்னாரு மொதலாளி. ஏறிட்டேன். காலையில வந்து பாத்தா கூப்புடல."

"அப்பறம்?" என்றார் வேடியப்பன்.

"கல்லு போட்டு மூடிட்டோம்."

கூட்டத்திலிருந்து இரண்டு பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். வேடியப்பன் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார். அடிபட்டுச் செத்துப்போனால் சாட்சி போய்விடும் என்று சொன்னார். அவரே கோவிந்தனின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். பெரியம்மாள் போகவில்லை. கடையின் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அன்னமேரி தண்ணீர் கொடுத்தபோது வாங்கி, குடிக்காமல், தரையில் ஊற்றினாள்.

அன்று சாயங்காலத்துக்குள் நரிப்பள்ளத்தில் கற்களை எடுத்தார்கள். இருந்ததெல்லாம் எலும்பும், துருப்பிடித்த ஒரு சூரிக்கத்தியும், ஒரு வெள்ளி அரைஞாணும்தான். அரைஞாண் ஓரிடத்தில் அறுந்து செம்புக்கம்பியால் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கட்டினவள் பெரியம்மாள். அதை அவள் கையில் வாங்காமலே, தூரத்திலிருந்தே, ஆமாம் என்றாள்.

பஞ்சாட்சரத்தைக் குடியாத்தம் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் பிடித்தார்கள். வேலூர் கோர்ட்டில் வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. தண்டனை கிடைத்தது. ஊர் எதிர்பார்த்த அளவு இல்லை. படக்கண்ணாடியைப் போலீஸ் எடுத்துப் போனது. அது எதற்குச் சாட்சி என்று எழுதுவதற்குள் ஏட்டையாவுக்கு வியர்த்துவிட்டது.

அதற்கெல்லாம் முன்பே, மாதையனுக்குக் கருமக் காரியம் முடிந்த மறுநாள், அன்னமேரி பெரியம்மாளைப் பார்க்கப் போனாள். வீட்டுக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அவங்க பொய் சொன்னாங்க, சரி" என்றாள் பெரியம்மாள். "நான் ஏன் நம்புனேன்? அந்த ஆளு எங்கூட பன்னண்டு வருசம் குடும்பம் நடத்துனவன். கோலார்ல எவளோ ஒருத்தின்னாங்க. நான் அவ மூஞ்சியக்கூட நெனச்சிப் பாத்துட்டேன். செவப்பா, ஒசரமா. தெனம் அவளத் திட்டுவேன். இல்லாத ஒருத்திய."

"உங்ககிட்ட அப்டி சொன்னாங்கக்கா."

"அவன் கம்பளி ஒண்ணு இருந்திச்சி. கோவத்துல அத்தக் கொண்டுபோயி மாட்டுக்கு விரிச்சேன். மார்கழிப் பனியில மாடு அதுமேல படுத்துகினு இருந்திச்சி. அவன் கல்லுக்கு அடியில." நான்கு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அழுதாள். அன்னமேரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் இல்லாத அந்தப் பெண்ணைப் பற்றியே அன்னமேரி நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்தபோது பிலிப் பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தான். பஞ்சாட்சரத்தின் மகன் ஆள் அனுப்பி, மாதம் முடிவதற்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்தான்.

"அன்னிக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஒடுகத்தூருக்குத்தான் போனேன்" என்றாள். "உங்க மேல சந்தேகப்பட்டு."

"தெரியும். சின்னராசு சொன்னான்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா, நான் ஏன் கேக்கறேன்னு அதுக்கு ஒரு சந்தேகம் வரும்." கோணியின் வாயைக் கட்டி முடித்தான். "அன்னிக்கு நீ கூட்டத்தக் கூட்டிகினு வந்தப்ப எனக்கும் பயமாத்தான் இருந்திச்சி. லாரிக்காரன்கிட்ட மிஷினக் குடுத்திருந்தேன்னா இன்னா ஆயிருக்கும்னு இப்பவும் நெனச்சிப் பாக்கறேன். இந்த முனையப் புடி."

அவள் கோணியின் மறுமுனையைப் பிடித்தாள். வேடியப்பன் தன் ஊர்ப் பாதை ரோட்டில் சேருகிற இடத்தில் கொஞ்சம் இடம் காட்டியிருந்தார். அங்கே கரண்ட் இல்லை. மிஷின் ஒரு மூலையில் தார்பாய் மூடிக் கிடந்தது. டீ வியாபாரம் மட்டும் ஓடியது.

தை பிறந்தபின் ஒரு சந்தை நாளில் பெரியம்மாள் அந்தப் புதுக் கடைக்கு வந்தாள். பெஞ்சு நிறைய ஆள். அவளைக் கண்டதும் இரண்டு பேர் எழுந்தார்கள். முன்பு அவள் கூடையை மிதிக்காமல் விலகிப் போகக்கூட மனசு வராதவர்கள். "உக்காருக்கா" என்று ஒருவன் துண்டால் பெஞ்சைத் தட்டினான்.

"வேணாம்" என்றாள் பெரியம்மாள். "நாலு வருசம் நின்னுகினுதான குடிச்சேன்."

அன்னமேரி டீ ஊற்றிக் கொடுத்தாள். பெரியம்மாள் ரோட்டைப் பார்த்து நின்றபடியே ஆற்றி ஆற்றிக் குடித்தாள். எழுந்தவர்கள் மறுபடி உட்காரவும் முடியாமல், போகவும் முடியாமல், அவள் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார்கள்.